சோப்புப் போட்ட வில்

பிடில் என்று தெருவே கூப்பிடும் அந்த மனிதருக்குப் பிடில் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. அவரால் அது முடியவில்லை.

அவர் தொழில் கோட்டு. தைப்பதில்லை, விற்பதில்லை, வாடகைக்கு விடும் கடை ஒன்றில் வேலை. கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் போட்டோவுக்கும் போய்வந்த கோட்டுகளின் காலரில் ஒட்டியிருக்கும் அடுத்தவர் வியர்வையைத் துடைத்து, பைக்குள் மறந்துபோன பஸ் டிக்கெட்டையும் பல்குத்தியையும் எடுத்துப் போட்டு, ஆவி இஸ்திரி காட்டி மறுபடி மாட்ட வேண்டும். கடை ஒரு ரயில் பெட்டி அகலம். இரண்டு பக்கமும் கோட்டு. நடுவில் நடந்தால் கூட்டத்தில் இடிபடுகிற மாதிரியே இருக்கும், ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் தலை இருக்காது.

ஒரு தடவை சினிமாக்காரர்கள் நாற்பது கறுப்புக் கோட்டு கேட்டார்கள். கோட்டுகளோடு இவரையும் வேனில் ஏற்றி அனுப்பினார் முதலாளி. பெரிய அரங்கம். மேடையில் வாத்தியக்காரர்கள் போல நாற்பது பேர் உட்கார வேண்டும். எல்லாரும் தினக்கூலிக்கு வந்தவர்கள். அதில் ஒருவருக்கு வயிறு கலங்கி, கழிவறையை விட்டு வரவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் கோட்டு மட்டும் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. உதவி இயக்குநர் கோட்டைப் பார்த்தார். பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்ற இவரைப் பார்த்தார்.

"அண்ணே, போட்டுக்கிட்டு உக்காருங்க."

"ஐயோ, எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

"இங்க யாருக்குண்ணே தெரியும்? கைய ஆட்டுங்க, போதும்."

தப்பித்தவறிகூடச் சத்தம் வரக்கூடாது என்று வயலின் வில்லுக்குச் சோப்புத் தேய்த்து வைத்திருந்தார்கள். பாட்டு எதுவும் போடவில்லை. அதைப் பிறகு சேர்ப்பார்களாம். ஓரமாக ஒருவர் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று கத்த, நாற்பது பேரும் அதற்கு இழுத்தார்கள். வயிற்றுவலிக்காரர் ஒல்லி; கோட்டு இவருக்கு அக்குளைக் கவ்வியது. முதுகுத் தையலைக் கத்தரித்துவிடுங்கள், காமிராவில் தெரியாது என்றார்கள். கடைக் கோட்டில் கத்தரி வைக்க இவர் மனசு கேட்கவில்லை. அதனால் கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. சுற்றி உள்ளவர்கள் மரம் அறுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பழுத்த வித்வான் மாதிரி அடக்கமாக இழுத்தார். காமிரா மயங்கிவிட்டது. மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, நான்கு விநாடி. கண்ணை வேறு மூடியிருந்தார். மூச்சு முட்டினால் யாரும் மூடத்தான் செய்வார்கள்.

படம் வந்தது. தியேட்டர் இருட்டில் மனைவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, அது நீங்கதானே? நிஜமாவே வாசிச்சீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணப் போட்டோவில்கூட அவர் பார்த்ததில்லை.

"ம்" என்றார்.

அவ்வளவுதான். முழு எழுத்துகூட இல்லை. தலையில் புள்ளி வைத்த அரை எழுத்து. அதற்குள் ஒரு ஆள் நுழைந்தால் வெளியே வர வழி கிடையாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

முதலாளி அந்த நான்கு விநாடியைப் பெரிதாக அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். மேல்வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு வயலினை இரவல் வாங்கிவந்து, "ஒரே ஒரு பாட்டு" என்று வாசலில் நின்றார். அன்றைக்குத்தான் பிடிலுக்கு மணிக்கட்டில் சுளுக்கு வந்தது. வந்த சுளுக்கு வருஷக்கணக்கில் போகவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மனைவி, புதிது புதிதாகப் பட்டை கொண்டுவந்து சுற்றினாள். தினமும் சாப்பாடு முடிந்ததும் அவர் கையை மடியில் வைத்துத் தைலம் தேய்ப்பாள்.

"இப்ப பரவால்லையா?"

"கொஞ்சம் பரவால்ல."

வலியே இல்லாத இடத்தில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வலிக்கும் என்று தைலக் கம்பெனிக்குத் தெரியாது.

இதெல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடாமல் நிறுத்தியது மகள். ஐந்தாம் வகுப்பு; வீட்டில் அவள் பெயர் வக்கீல். ஒரு சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"அப்பா, உன் பாட்டுக்கு என்ன பேரு?"

"எந்தப் பாட்டு?"

"படத்துல நீ வாசிச்ச பாட்டு. புது மியூசிக் டீச்சர் கேட்டாங்க. நான் முழிச்சேன். அந்தக் கீபோர்டுக்காரி இருக்காள்ல, அவ சொல்றா, 'பேரு தெரியாத பாட்ட யாருடி வாசிப்பாங்க? உங்கப்பா சும்மா கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு'ன்னு. கிளாஸே சிரிச்சுது. நாளைக்குப் பேரோட வர்றேன் பாருடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சொல்லு."

கீபோர்டுக்காரியை நேரில் பார்க்காமலே அவளுக்குப் பயந்தார் பிடில்.

"அது... நாக்கு நுனியில நிக்குது. வரமாட்டேங்குது."

"முதல் எழுத்தாவது?"

"நிக்குதுன்றேன்ல!"

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் வித்தை போனில் இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தார். முதலாளியின் போனில் படத்தை ஓடவிட்டுத் தன் போனைக் காதுகொடுக்க வைக்க வேண்டும். இரவல் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். அந்தக் காட்சியில் கதாநாயகி அரங்கத்தின் மாடத்தில் உட்கார்ந்து கதாநாயகனைப் பிரிகிறாள். பிரிவது என்றால் சும்மா இல்லை, ஏங்கி ஏங்கி அழுகிறாள். போன் அவள் அழுகையைக் கேட்டுவிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. மறுபடி வைத்தார். மறுபடி அழுதாள். மறுபடி கையை விரித்தது.

வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள். "என்னங்க, உள்ள யாரு அழறது?"

இனி ஒரே வழி, பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கிற வயலின் ரிப்பேர்காரர். சத்தமில்லாமல் நழுவலாம் என்று வாசலுக்கு வந்தால், வக்கீல் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீ எதுக்கு?"

"பேர நீ தப்பா எழுதிட்டு வந்துடுவ."

ரிப்பேர்க் கடை இவர் கடையைவிடக் குறுகல். பசை காய்ச்சிய வாடை. கழுத்து முறிந்ததும் வயிறு பிளந்ததுமாக உத்தரத்திலிருந்து வயலின்கள் தொங்கின. இருந்த ஒரு முக்காலியில் மகள் ஏறிக்கொண்டாள். பிடில் தலை இடிக்காமல் கழுத்தை மடக்கி நின்றார். தெருவில் பஸ் சத்தம் அதிகம் என்று ரிப்பேர்காரர் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டார். வெளியே இருந்து பார்த்தால் நாலு பாதங்களும் ஒரு முக்காலியும் தெரிந்திருக்கும்.

"ஒரு பாட்டோட பேரு மட்டும் தெரியணுங்க" என்று போனை நீட்டினார். மாட்டியிருந்த பட்டையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். மாஸ்க் போட்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

ரிப்பேர்காரர் போனை ஒரு வயலினின் முதுகில் வைத்து, காதை அதன் மேல் சாய்த்தார்.

"அழுகைய விடுங்க சார். அதுக்கு அடியில கேளுங்க. டொக் டொக்னு, குழாய் சொட்டுற மாதிரி. கேக்குதா?" ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "தெரிஞ்சுபோச்சு. செத்து எத்தனையோ காலமான ஒரு பெரியவர் எழுதின பாட்டு வரிசை. அதுல நாலாவது. அதுக்குள்ள ரெண்டாம் பாகம்."

"பேரு?" என்றாள் மகள்.

"அதான் பாப்பா பேரு. நாலாவது, ரெண்டாம் பாகம்."

"நிலா, மழைன்னு எதுவும் வராதா?"

"இது வீட்டு நம்பர் மாதிரிதான்."

அவள் முகம் சுருங்கினாலும், அந்தப் பெரியவர் பெயரையும் கேட்டுச் சேர்த்து எழுதிக்கொண்டாள். பிடிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றிங்க, நாங்க வர்றோம்" என்று ஷட்டருக்குக் குனிந்தார்.

"இருங்க சார், ஒரு தமாஷப் பாத்துட்டுப் போங்க!" ரிப்பேர்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இந்தப் பாட்டுல வில்லுக்கு வேலையே கிடையாது. வில்ல மடியில போட்டுட்டு, விரலால கம்பியச் சுண்டணும். எல்லாரும், ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும். அதான் அந்தச் சொட்டுச் சத்தம். இங்க பாருங்க, நாப்பது பேரும் வில்ல வச்சு ராவுறானுங்க! எடுக்கும்போது வேற பாட்டு நெனச்சிருப்பான், அப்புறம் மாத்திட்டான். ஒருத்தனும் வாசிக்கல சார், அத்தனையும் டம்மி." போனைத் திருப்பிக் காட்டினார். "அதுலயும் மூணாவது வரிசையில இந்த ஆளப் பாருங்க. கண்ண மூடிக்கிட்டு என்னா உருக்கம்! இவனுக்குத் தனியா மாலை போடணும்."

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். ஷட்டருக்கு அடியில் தெரிந்த தெருத் துண்டு எட்டிவிடும் தூரம்தான். ஆனால் முக்காலியில் இருப்பவளை விட்டுவிட்டு எங்கே போவது?

"அது எங்கப்பா" என்றாள் மகள்.

ரிப்பேர்காரர் போனைப் பார்த்தார். பிடிலைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"அதானே... கை பிடிச்சிருக்கிற விதம் நல்லா இருக்கேன்னு பாத்தேன்" என்று அசடு வழிந்தபடி, யாரும் கேட்காமலே ஷட்டரைத் தூக்கினார்.

வழியெல்லாம் அவள் பேசவில்லை. வக்கீல் பேசாமல் நடந்து அவர் பார்த்ததில்லை. மருந்துக் கடையைத் தாண்டியபோது ஒருவழியாக வாய் திறந்தாள்.

"ஒருத்தர்கூடவா வாசிக்கல?"

"ஒருத்தர்கூட இல்ல. வில்லுல சோப்புத் தேச்சிருந்தாங்க."

"என்ன சோப்பு?"

"பச்சையா இருந்துச்சு."

அவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். அவர் தெருவில் போன பஸ்ஸைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு நான் பேரச் சொன்னா, டீச்சர் அதத் தேடிப் போட்டுக் காட்டுவாங்க. எல்லாரும் டொக் டொக்குக் கேப்பாங்க. சொல்லலன்னா, கீபோர்டு சொன்னதுதான் நிஜம்னு ஆயிடும். நான் என்ன பண்றது?"

"லீவு போடேன்" என்றார் பிடில். சொன்னவுடனே அவருக்கே கேவலமாக இருந்தது. சாலையைத் தாண்டும்போது எப்போதும் கையைப் பிடிப்பவள், இன்றைக்குச் சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து மனைவி தைலப் புட்டியை எடுத்தபோது, மகள் அதைப் பிடுங்கினாள். "இன்னைக்கு நான் தேய்க்கிறேன்மா."

"பாருங்க, புள்ளைக்கு என்ன பாசம்!" என்று மனைவி பூரித்துப்போனாள்.

மகள் கட்டைவிரலை மணிக்கட்டு எலும்பின் பள்ளத்தில் வைத்து, பல்லைக் கடித்து, ஒரு அழுத்து அழுத்தினாள். "ஆ!" என்று அலறினார் பிடில். இத்தனை வருஷத்தில் அந்தக் கைக்கு நிஜமாக வலித்தது அன்றைக்குத்தான்.

"நரம்பு பிடிச்சிருக்கு" என்றாள் அம்மாவிடம்.

மறுநாள் கடையில் ஒரே காலரைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டதில் அது கண்ணாடி மாதிரி பளபளத்துவிட்டது. "பிடிலு, காலர் கருகுதுய்யா!" என்று முதலாளி கத்தியது காதில் விழவில்லை. வகுப்பில் டீச்சர் இப்போது பாட்டைப் போட்டிருப்பார். இப்போது எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்திருப்பார்கள். அவள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால்?

பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். இரண்டு வரிசைக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு, கடைசிக் கோடியில் இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் குந்தினார். முன்னால் தொங்கிய கறுப்புக் கோட்டுகள் திரை போலச் சேர்ந்துகொண்டன.

"பேரச் சொன்னியா?"

"சொன்னேன். டீச்சர் போட்டாங்க. கீபோர்டு உடனே எந்திரிச்சு, 'இதுல வில்லே இல்லயே மிஸ், இவங்கப்பா படத்துல வில்ல ஆட்டுறாரே'ன்னா."

பிடிலுக்கு அக்குளைப் பழைய கோட்டு கவ்வுகிற மாதிரி இருந்தது. "அப்புறம்?"

"ஆமா, படத்துல தப்பு இருக்கு, அது எங்கப்பாவுக்கே தெரியும்னேன். வில்லுக்குச் சோப்புப் போட்டதையும் சொன்னேன். நாப்பது பேரும் வாசிக்கல, இது தெரியாம ஊரே கை தட்டுச்சுன்னேன். பொய் ஒண்ணும் இல்லையே?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் எங்கேயோ இடித்தது.

"கிளாஸ் சிரிச்சுதா?"

"சிரிச்சுது. உன்ன இல்ல, படத்த. சோப்புக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க. கீபோர்டு மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே!" கொஞ்ச நேரம் விரலால் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "டீச்சர் உன்ன வரச் சொன்னாங்க. வேற எந்தெந்தப் படத்துல இப்படித் தப்பு இருக்குன்னு கிளாஸ்ல வந்து சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"வருவாருன்னேன்."

பிடில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு குழியிலிருந்து தூக்கிவிட்டவளே அடுத்த குழிக்கு அழைத்துப் போகிறாள். அதுவும் கையைப் பிடித்து, அன்பாக. "எனக்கு என்னடி தெரியும்னு வர்றது?"

"எனக்கும்தான் தெரியாது. அதுக்குத்தான் இப்பவே ஆரம்பிக்கணும்." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஏதோ ஒரு பழைய படத்தில் வாத்தியக்காரர்கள் வரும் காட்சியைத் தேடிப் பிடித்தாள். திரையை உள்ளங்கையால் மூடிவிட்டு, சத்தத்தை மட்டும் அவர் காதுப் பக்கம் நீட்டினாள்.

"பாக்காத. கேளு. வில்லா, விரலா?"

முன்கடையில் முதலாளி யாருக்கோ கோட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பிடில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தான் வந்த படத்தில்கூட என்ன பாட்டு ஓடுகிறது என்று அவர் காதால் கேட்டதே இல்லை. தன் முகம் எப்போது வந்துபோகும் என்று பயந்துகொண்டிருந்தவருக்குக் காது எங்கே வேலை செய்யும்? முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. பிறகு இரைச்சலுக்கு நடுவில் ஒன்று, துணியை ஒரே இழுப்பில் நீளமாகக் கிழிக்கிற மாதிரி, அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது.

"வில்லு" என்றார்.

அவள் கையை எடுத்தாள். திரையில் வாத்தியக்காரர்களின் வில்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சு சொன்னியா, சும்மா அடிச்சு விட்டியா?"

"தெரிஞ்சுதான்" என்றார். அவள் கண்ணை நேராகப் பார்த்தே சொன்னார். "அடுத்தது போடு."