வேலாயுதம் அவர்கள் திருப்பி வைக்காத விசிறி

திரு. வேலாயுதம் அவர்களைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து வெளியேற்றியது நான்தான் என்று மூணாறில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. அவருக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை, ஒரு காகிதத்திலும் கையெழுத்திட்டதில்லை.

அவர் மறைந்த செய்தி பாலக்காட்டுச் சித்தூரில் என் வீட்டுக்குத் தந்தியாக வந்தது. அவருடைய மகள் வள்ளி அனுப்பியிருந்தார். நெஞ்சுவலியாம். கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி நான் மலையேறுவதற்குள் அடக்கம் முடிந்திருக்கும் என்பதால் போகவில்லை. அன்று மாலையே, முன்பு எங்களோடு வேலை பார்த்த ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, "மனசுல எதையும் வச்சுக்காதீங்க மேடம், ஆளே போயாச்சு," என்றார். எதை என்று கேட்டேன். அப்போதுதான் இந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது. எஸ்டேட் ஊழியர் சங்க மலரில் அவரைப் பற்றி எழுதக் கேட்டபோது நான் தயங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எமர்ஜென்சி முடிந்த வருடம் எங்கள் எஸ்டேட் அலுவலகத்துக்குச் சம்பளக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கக் கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்தவர் வேலாயுதம் அவர்கள். அவருடைய தகப்பனார் இதே எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். சம்பளப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அவர் அடக்கமானவர் அல்லர். தலைமுடியைப் பற்றிக் கர்வம் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் சீவிக்கொள்வார். காலையில் நேரத்துக்கு வரமாட்டார். கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்கு இவை பிடிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குப் பின்புறம் ஒரே ஒரு சின்ன விசிறி வைத்து அனுப்பியிருந்தார்கள். அது போதாது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். அலுவலகமே சிரித்தது. "நாம கம்பளிய சுத்திக்கிட்டு நடுங்குதோம், பெட்டிக்குப் புழுக்கமாம்ல!" என்று பியூன் கேலி செய்தார்.

வேலாயுதம் அவர்கள் விடவில்லை. அதற்குப் பதிலாகக் கோயமுத்தூரிலிருந்து இரண்டு விசிறிகள் வரவழைத்தார். சிறியதாய் இருந்து வேகமாகச் சுற்றுபவற்றை விட்டுவிட்டு, அகலமாய் இருந்து மெதுவாகச் சுற்றுபவற்றைத் தேர்ந்தெடுத்தார். "சத்தம் போடுததெல்லாம் காத்துத் தராது மேடம். நம்ம ஆபீஸ்லயே பாக்கலையா?" என்றார். ஒன்றை முன்பக்கம் கீழே வைத்தார். அது குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். மற்றொன்றைப் பின்பக்கம் மேலே வைத்தார். அது சூடான காற்றை வெளியே தள்ளும். பக்கத்திலேயே தொழிற்சாலை இருந்ததால் தேயிலைத் தூசி எங்கும் படியும். ஆகவே கீழ்வாயில் பழைய மல்வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டினார். பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்தால்தான் அறை பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று நான் சொன்னேன். "ஏனுங்க மேடம், உங்க மூக்கைச் சொவத்துல வச்சு மூச்சு விடுவீங்களா?" என்று என் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார். பெட்டி சுவரைவிட்டுத் தள்ளியே இருந்தது.

அவர் சொல்வதை நான் அப்படியே ஏற்பவள் அல்லள் என்பது அவருக்குத் தெரியும். நகல் எடுக்கும் மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்துத் தந்தார். "நீங்களே வச்சுப் பாருங்க. ஒட்டிச்சுன்னா உள்ள போகுது, பறந்துச்சுன்னா வெளிய வருது." அன்றிலிருந்து காலையில் இயந்திரத்தைப் போட்டதும் தாளைப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. கீழே ஒட்டும், மேலே பறக்கும். ஒருநாளும் மாறியதில்லை.

அவர் ஒரு கல்யாணத்துக்காகத் தேனிக்கு லீவில் போயிருந்த வாரம் அது நடந்தது. தூசி தட்டுவதற்காகத் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஃபிட்டரை அனுப்பியிருந்தார்கள். காலையில் நான் தாள் வைத்துப் பார்த்த பிறகே அவர் வந்தார். இயந்திரத்தை நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மதியம் கருகும் வாடை வந்தது. ஓடிப்போய் மேலே தாளை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. இரண்டு விசிறிகளும் உள்ளேயே ஊதிக்கொண்டிருந்தன. சூடு வெளியேற வழியில்லை. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். அதற்குள் உள்ளே எரிந்துவிட்டது.

ஃபிட்டர் திகைத்து நின்றார். "நான்தான் மேடம் மேல உள்ளதத் திருப்பிப் போட்டேன். எலைக்கு அப்படித்தானே செய்யுதோம்? கொஞ்ச நேரம் கீழருந்து, கொஞ்ச நேரம் மேலருந்து காத்த மாத்தி விட்டாத்தானே ஒருசேர வாடும்?"

இலை வாட்டும் மாடியில் வருடக்கணக்காக அவர் செய்துவந்த வேலை அது. அக்கறையோடுதான் செய்திருந்தார். அவர் சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

வேலாயுதம் அவர்கள் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணைக்கு முந்தின மாலை, தொழிற்சாலைச் சாலையில் என்னை நிறுத்தினார். "அவன் பேரச் சொல்லிராதீங்க மேடம்."

"ஏனுங்க வேலாயுதம், உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? பழி உங்க தலையிலதானுங்களே விழும்?"

"எனக்கு எடம் மாறும். அவனுக்கு வேலையே போயிரும். வேல போனா வீட்டையும் காலி பண்ணணும். மூணு பொட்டப் பிள்ளைய வச்சிருக்கான்."

வாக்குக் கொடுத்தேன். விசாரணையில், விசிறி சரியாகத்தான் இருந்தது, அதைத் திருப்பியவர் வேலாயுதம் அல்லர் என்று சொன்னேன். யார் என்று மானேஜர் கேட்டார். சொல்ல மறுத்தேன். வேலாயுதம் தவறாகப் பொருத்தியதே காரணம் என்று எழுதி, சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதற்கும் மறுத்தேன். விசாரணை அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தவள் நான். மறுநாள் அவரைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கட்டிய கதைதான் இன்று உலவுகிறது.

நான் காத்த மௌனம் சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கொழுந்துக் கொட்டகையில் மழையில் நனைந்து நிற்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி எழும். அவர் மட்டும் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நாளில் பஸ் ஏற்றிவிட வந்தார். தலைமுடி நரைத்திருந்தது, ஆனால் ஒழுங்காகச் சீவியிருந்தார். என் டிக்கெட்டை வாங்கி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. எதிர்ப்பக்கம் போய் அந்த ஜன்னலையும் திறந்துவிட்டு வந்தார். டிக்கெட் அவர் விரல்களுக்கிடையே படபடத்தது. "இனி கொமட்டாது மேடம். போய்ட்டு வாங்க," என்றார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

போய் வாருங்கள், வேலாயுதம் அவர்களே. உங்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. அந்த ஃபிட்டர் இன்றும் வேலையில் இருக்கிறார். இதை அவர் படிக்கக்கூடும். என்ன செய்ய வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லப்போவதில்லை.

இப்போதைய மானேஜர் அவர்களுக்கு: தட்டச்சுத் தேறிய வள்ளி, தகப்பனார் இருந்த எஸ்டேட்டில் வேலை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். அந்த விசாரணையில் தகப்பனார் மீது எழுதிய குற்றக் குறிப்பைக் காட்டி அதை நிறுத்தி வைத்திருப்பதாக அறிகிறேன். வேலை கிடைக்காவிட்டால் அவரும் தாயாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் குறிப்பு பொய் என்று நான் எங்கு வந்தும் சொல்லத் தயார். அதை நீக்குவீர்களா, மாட்டீர்களா? யாரிடமும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். சித்தூர் விலாசத்துக்கு எழுத்தில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.