கள்ள நித்திரை கொண்ட கார்கள்

பாகற்காய் ஜூஸின் வாடை மூக்கில் ஏறினாலே எனக்குப் பிப்ரவரி மாதம் வந்துவிடும். போன சனிக்கிழமை தேக்கா சந்தையில் ஜூஸ் கடை முன்னால் நின்றிருந்தேன். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். "பாகற்காய் ஒண்ணு" என்றேன். கடைப் பெண், "கிரீன் ஆப்பிள் போட்டுத்தான் அங்கிள் எல்லாரும் குடிக்கிறாங்க, தனியாக் குடிக்க முடியாது லா" என்றபடி, நான் வாயைத் திறக்குமுன் ஆப்பிளை நறுக்கிவிட்டாள். குடித்தால் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. கருமம். கசப்பைக்கூடக் கசப்பாக விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

அந்த எரிச்சலோடு திரும்பினால், பக்கத்து மேசையில் ஒருவர் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து, பிரியாணியைக் கிளறிக்கொண்டே வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். காதில் மாட்டிக்கொள்ளும் வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது, சந்தைக்கே கேட்டது. பந்தயக் கார்களின் சோதனை ஓட்டத்தை அலசுகிற வீடியோ. சீசன் தொடங்குமுன் எல்லா அணிகளும் புதுக் காரை ஒரே இடத்தில் கொண்டுவந்து சில நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். அதை வைத்து இந்த வருஷம் எவன் தேறுவான், எவன் மண்ணைக் கவ்வுவான் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை. சொல்லிக்கொண்டிருந்த குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். பாலு! இதே சந்தையில் என்னோடு வருஷக்கணக்காக உட்கார்ந்து இதே கதையை அளந்த திருச்சிக்காரன். கப்பல் பட்டறை வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சேனல் நடத்துகிறான்.

"இதைத்தான் மக்களே, நாங்க கள்ள நித்திரைன்னு சொல்வோம்! இந்த வார்த்தை போட்ட டீ-ஷர்ட்டும் வந்தாச்சு, லிங்க் கீழே இருக்கு" என்றான். சை! அந்த வார்த்தை அவனுடையதா? மகேந்திரனுடையது. அதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. "எங்க ஃப்ரெண்டு ஒருத்தன், பேர் வேணாம், பிடோக்ல இருக்கான், பொண்ணு பார்க்கப் போன இடத்துல கள்ள நித்திரை போட்டான் பாருங்க..." என்று ஆரம்பித்தான். நடுநடுவே எங்கிருந்தோ பிடித்துவந்த சிரிப்புச் சத்தம். மாலையும் கழுத்துமாகக் குறட்டை விடும் மாப்பிள்ளையின் கார்ட்டூன் வேறு. பிரியாணிக்காரர் சோறு சிதறச் சிரித்தார். எனக்கோ, மகேந்திரன் இதைப் பார்த்துவிட்டானோ என்பதுதான் முதலில் தோன்றியது.

மகேந்திரனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் அப்போது சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க். அதே கட்டடத்தில், மேல் மாடியில், காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், அலுவலகத்தில் அவன். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அப்பாவும் கிளார்க், அவருடைய அப்பாவும் கிளார்க். சட்டைக் கையை மடிக்காத பரம்பரை. மின்தூக்கியில் ஒருநாள் என் கையில் கார்ப் பந்தயப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "முடிச்சதும் தருவீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம். பாலு அப்போது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தான், அந்தப் பத்திரிகை விற்கும் கடையிலேயே மாட்டினான். பூவும் ஊதுபத்தியும் விற்கிற கடை அது. அதனால் பத்திரிகையைப் பிரித்தால் ரேஸ் கார் படத்திலிருந்து மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கும். பெட்ரோல் வாடை எப்படியிருக்கும் என்று பந்தயத் திடலுக்கு நேரில் போனபோதுதான் தெரிந்தது. சாம்பிராணியே தேவலை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. முடிந்ததும் தேக்காவில் கூடுவோம். சோதனை ஓட்டம் ஸ்பெயின் பக்கம் எங்கோ குளிரில் நடந்துகொண்டிருக்கும். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் டெலிடெக்ஸ்ட்தான். தொலைக்காட்சியில் கறுப்புத் திரை, அதில் கலர் எழுத்து, ஒரு பக்கம் புரளுவதற்குள் கோப்பி ஆறிவிடும். எந்தக் கார், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், அவ்வளவுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அம்மாடி! மந்திரி சபையில்கூட அவ்வளவு விவாதம் நடந்திருக்காது.

விஷயம் என்னவென்றால், சோதனை ஓட்டத்தில் காட்டுகிற நேரம் முழுப் பொய். டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினால் கார் கனத்து மெதுவாகும், கொஞ்சமாக ஊற்றினால் பறக்கும். எவன் எவ்வளவு ஊற்றினான் என்று எவனும் வெளியே சொல்லமாட்டான். காசில்லாத அணி ஒன்று, டேங்கைக் காய விட்டு, புது டயர் மாட்டி, ஒரே ஒரு சுற்று காற்றாய்ப் பறந்து முதலிடம் பிடிக்கும். விளம்பரம் கொடுக்கிற முதலாளிக்குக் காட்டவேண்டுமே! பாலு இதற்குப் 'பெண் பார்க்கும் வேகம்' என்று பெயர் வைத்தான். அன்றைக்கு மட்டும் பட்டுப்புடவை, அன்றைக்கு மட்டும் கேசரி. பெரிய அணிகள் நேர்மாறு. டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பின்னால் உருண்டுகொண்டிருக்கும். முதல் பந்தயத்தில்தான் சுயரூபம் தெரியும். ஒருநாள் அப்படி ஒரு வெள்ளிநிறக் காரின் நேரத்தைப் பார்த்துவிட்டு மகேந்திரன், "இவன் கள்ள நித்திரை லா. எங்க வீட்ல நான் ஸ்கூலுக்கு மட்டம் போடக் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தா அம்மா இதைத்தான் சொல்லுவாங்க" என்றான். "அதென்னடா நித்திரை, கோயில்ல மணி அடிக்கிற மாதிரி? தூக்கம்னு சொல்லேன்" என்று பாலு கேலி செய்தான். ஆனால் வார்த்தை ஒட்டிக்கொண்டது. மேலதிகாரி ஃபைலை மூடாமல் வெறித்துப் பார்த்தால் கள்ள நித்திரை. பேருந்து ஊர்ந்தால் கள்ள நித்திரை.

ஆளுக்கோர் அணியைச் சொல்லவேண்டும், தோற்றவன் எல்லார் முன்னாலும் பாகற்காய் ஜூஸ் குடிக்கவேண்டும். அப்போது ஆப்பிளும் கிடையாது, பேரிக்காயும் கிடையாது. பச்சைக் கசப்பு, காதுவரைக்கும் ஏறும். நான் காரின் பெயிண்ட் அழகைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்கிற ஆள், அதனால் தோற்றுக் குடித்ததே அதிகம். எனக்குச் சர்க்கரை இத்தனை வருஷம் தாமதமாக வந்ததற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள்.

அப்படி ஒரு பிப்ரவரியில்தான் மகேந்திரனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சாந்தினி, பள்ளிக்கூட ஆசிரியை. பார்த்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. இவன் ஏற்கனவே பிடோக்கிலிருந்து வரும் பேருந்தில் தினம் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. யார் வழியாகவோ பேச்சு அந்த வீட்டுக்கே திரும்பியபோது இவன் கோப்பியைக் கையில் பிடித்தபடி, "கட்டினா அந்தப் பிள்ளையைத்தான்" என்றான். அப்படியெல்லாம் பேசுகிறவன் அல்ல அவன். நாங்கள் இரண்டு பேரும் கிண்டல் செய்யவே மறந்துபோனோம்.

கேலாங் சிவன் கோயிலில் பூசை முடிந்ததும் இரண்டு குடும்பமும் சந்தித்தது. பெரியவர்கள் பிரசாதம் வாங்குகிற சாக்கில் விலகிப்போய், இவர்கள் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் வேலையைப் பற்றிக் கேட்டாளாம், பேருந்தில் பார்த்த மாதிரி இருக்கிறதே என்றுகூடக் கேட்டாளாம். மகேந்திரன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிற அவர்கள் வீட்டு "ஓம்" ஒன்றைச் சொன்னான், அல்லது அதையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது. மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லை போலத் தெரிகிறது, வற்புறுத்த வேண்டாம் என்று பிள்ளையே சொல்லிவிட்டாள்.

"டே, என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று பாலு கத்தினான். மகேந்திரன் நிதானமாக, "முதல் நாளே முழு வேகத்தைக் காட்டலாமா? டெஸ்டிங் தானேன்னு கள்ள நித்திரை போட்டேன் லா. ரேஸ் கேன்சலாகும்னு யாருக்குத் தெரியும்?" என்றான். ஒரு நொடி திகைத்தோம், அப்புறம் வெடித்துச் சிரித்தோம். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவனாகவே போய்ப் பாகற்காய் ஜூஸ் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தான். சாந்தினி வேறொருவரைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போனாள். மகேந்திரன் கட்டிக்கொள்ளவே இல்லை. வருகிற வரன்களுக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னான், பிறகு வரன்களும் வரவில்லை.

இதைத்தான் பாலு சிரிப்புச் சத்தம் வைத்து விற்கிறான். சட்டையில் அச்சடித்து விற்கிறான். இதில் அவன் அலசல் என்ன லட்சணம் தெரியுமா? இப்போது சோதனை ஓட்டம் பாலைவனத்து ஊரில் நடக்கிறது, அதையே நேரலையில் காட்டுகிறார்கள். எந்த வளைவில் எவன் எவ்வளவு அழுத்தினான் என்று கோடு கோடாய்ப் படம் வந்துவிடுகிறது. அந்தப் படத்தையெல்லாம் எவனோ போட்டுவைக்க, இவன் விரலால் காட்டி, கண்ணை உருட்டி, "அதிர்ச்சி! அதிர்ச்சி!" என்கிறான். வாங்கி வாந்தி எடுப்பதற்குப் பெயர் அலசலா? பார்க்கிறவர்களும் சோதனை முடிவதற்குள் வருஷத்தின் கடைசிப் பந்தயம்வரை முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுத்தால் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுகிறார்கள். தூ!

ஆப்பிள் ஜூஸை அப்படியே வைத்துவிட்டு மகேந்திரனைக் கூப்பிட்டேன். பணி ஓய்வு பெற்று, பிடோக் வீட்டில் தனியாக இருக்கிறான். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாற, அவனே, "பாலு வீடியோவா? பார்த்தேன் லா" என்றான்.

"அவனை ஒரு வழி பண்ணப் போறேன் பாரு! வெக்கங்கெட்ட பய. உனக்குக் கோபமே வரலையா?"

"கோபம் என்ன, நல்லாத்தான் சொல்றான். ஒண்ணுதான் தப்பு."

"என்னது?"

"நான் கள்ள நித்திரை போடல லா. அந்தப் பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து கேட்குது, எனக்கு வாயே வரல. என்கிட்ட இருந்தது அவ்வளவுதான். அதை உங்க ரெண்டு பேர்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் அப்படிச் சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்களா, சரி, தப்பிச்சேன்னு விட்டுட்டேன்."

பின்னால் உருளுகிற கார் நடிக்கிறதா, நிஜமாகவே அதனிடம் வேகம் இல்லையா என்று எத்தனை பிப்ரவரிகள் தொண்டை வறளப் பேசியிருப்போம்! எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கத் தெரியவில்லை. மகேந்திரன் இந்த வருஷம் எந்த அணி என்று என்னைக் கேட்டான். பெயிண்ட் எது நன்றாக இருக்கிறதோ அது என்றேன். சிரித்துவிட்டு வைத்தான்.

கடைப் பெண்ணிடம் மறுபடி போய், ஆப்பிள் போடாமல் ஒன்று கேட்டேன். "நெசமாவா அங்கிள்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பிழிந்து கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு எங்கள் மேசை இருந்த இடத்துக்குப் போனேன். சந்தையைப் புதுப்பித்தபோது பழைய மேசைகளைப் பெயர்த்துவிட்டார்கள், அங்கே இப்போது சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய்ப் போடுகிற அலமாரி நிற்கிறது. டெலிடெக்ஸ்டும் இல்லை, ஊதுபத்தி மணக்கும் பத்திரிகையும் இல்லை. அதெல்லாம் போனால் போகட்டும். முடியாமல் போனவன் ஒருவன் வந்து, வேகத்தை மறைத்துவைத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எங்களோடு சேர்ந்து சிரித்து, மானத்தோடு எழுந்து வீட்டுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அலமாரிப் பக்கத்தில் நின்றபடியே ஜூஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.