நான்கு முறை அலசிய குழாய்

பி.எஸ்ஸி. படிக்கும்போதே பால் பரிசோதனைச் சான்றிதழ் படிப்பிலும் சேர்ந்திருந்தேன். பாடம் சித்தூரில், செய்முறைப் பயிற்சி கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில்.

ஒருநாள் காலை செல்வி அக்கா கொண்டுவந்த பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மருந்து விட்டேன். ஊதா நிறமானது. சோப்புத்தூள் கலந்த பால் என்று அர்த்தம். நிலையப் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் அதைச் சாக்கடையில் ஊற்றவைத்தார். அக்கா சத்தம் போடவில்லை.

"ஒரே மாட்ட வெச்சிக்கினு நான் எதுக்கு கலக்கப் போறேன்? நாளைக்கி இன்னொரு தபா பாரு பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் மற்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். நுரைத்தது. சோப்புத்தூள் போட்டுக் கழுவியவள் நான்தான். சரியாக அலசவில்லை.

செய்முறை மதிப்பெண் பொறுப்பாளர் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சரியான முடிவு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் குழாயை நான்கு முறை அலசினேன். அக்காவின் பால் நிறம் மாறவில்லை. பொறுப்பாளரிடம் ஆசையாகக் காட்டினேன்.

"பாத்தியா? நேத்து மாட்டிக்கினா. இன்னிக்கி பயந்துக்கினு கலக்காம எட்தாந்துகிறா" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அடுத்த கேனைத் திறந்தேன். அதன்பிறகு அவர் அங்கே வரவேயில்லை.

இப்போது திருப்பதியில் ஒரு பால் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இன்றும் நான்கு முறை அலசுகிறேன். ரொம்பக் கவனமானவள் என்று என்னைச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.