பிஸ்கட் டின்னுக்குள் பதினெட்டுப் பேர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைக்குடியில் ஒரு பாலர் பாடசாலை நடத்தினேன். எனக்கு வயது இருபத்திரண்டு. வாய்க்கு மட்டும் நாற்பது. இடம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஓதல் மண்டபம். காலையில் நாங்கள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓத வருகிற பிள்ளைகள். “அங்க எழுத்துப் படிப்பிக்கிறல்ல, மண்ணுருட்டத்தான் பழக்குறாங்க” என்று சில உம்மாமார் பள்ளிவாசல் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகவும், திருப்தியில்லை என்றால் மண்டபத்தைத் திருப்பி எடுப்பதாகவும் அவர் சொல்லியனுப்பினார். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

மண்ணுருட்டியது உண்மைதான். பிள்ளைகள் எதைப் பற்றிக் கேட்கிறார்களோ அதையே பாடமாக்கு, தங்கள் கையால் செய்து பார்க்கட்டும் என்று மட்டக்களப்பில் ஒரு மாதப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் கேட்டது, கடலில் வளைத்துப் போட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் கரையில் நின்று இழுக்கிற கரைவலையைப் பற்றி. அவ்வளவு பெரிய வலையை எத்தனை பேர் இழுப்பார்கள்? ஒருவர் கையை விட்டால் என்ன ஆகும்? மூன்று நாள் கடற்கரைக்குப் போய்ப் பார்த்து எண்ணினோம். பிறகு மண்டபத்து மூலையில் மணலைக் கொட்டி, வெங்காயப் பையை வெட்டி வலையாக்கி, தும்புக் கயிறு கட்டி, களிமண்ணில் கண்ணும் மூக்கும் வைத்து ஆட்களைச் செய்து நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது. எண்ண நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

கடைசி ஆளைச் செய்தவள் நாலரை வயதுச் சிறுமி. அவளுடைய வாப்பா வலை இழுப்பவர். ஈர்க்குக் குச்சியால் கண், மூக்கு, சிரிக்கிற வாய் எல்லாம் வைத்து, சிவப்புத் துணியில் தலைப்பாகையும் கட்டிவிட்டாள்.

“இது எங்கட வாப்பா. இவர் கைய உடமாட்டார்” என்றாள்.

வியாழன் காலைதான் அந்த முகங்களைத் தலைவரின் கண்ணால் பார்த்தேன். ஓதல் மண்டபத்துக்குள் கண்ணும் மூக்கும் வைத்த பதினெட்டு உருவங்கள்! உருவம் வரைவது மார்க்கத்தில் ஆகாது என்று, சிறுவயதில் கொப்பியில் ஆள் கீறியதற்காக வீட்டில் ஏச்சு வாங்கி, என் கையாலேயே அதன் கண்ணை அழித்தவள் நான். தலைவரோ கண்டிப்பான ஹாஜியார். எழுத்துப் படிப்பிக்காததை மன்னித்தாலும் இதை மன்னிப்பாரா? யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளைகள் கிணற்றடியில் கை கழுவப் போன நேரம், பதினெட்டுப் பேரையும் பிஸ்கட் டின்னுக்குள் அள்ளிப்போட்டு அலுமாரிக்குக் கீழே தள்ளினேன்.

திரும்பி வந்த பிள்ளைகள் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “எங்க எல்லாரும்?” என்று அந்தச் சிறுமி கேட்டாள். நான் வாய் திறக்குமுன் வாசலில் ஸலாம் கேட்டது.

தலைவர் நேரே மூலைக்குப் போய், உடுத்திருந்த சாரத்தை ஒதுக்கிக் குந்தினார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குச் சொந்தமாகக் கரைவலை இருந்தது ஊருக்கே தெரியும்; பயத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

“கயிறு சரி. மீன் சேருற மடியும் சரி. இழுக்கிற ஆக்கள் எங்க? ஆளில்லாம வலை கரைக்கு வருமா டீச்சர்?”

டின்னை இழுத்துத் திறந்தேன். காயாத களிமண் ஒன்றோடொன்று அப்பி, பதினெட்டுப் பேரும் ஒரே உருண்டையாகிக் கிடந்தார்கள். ஓரத்தில் சிவப்புத் துணி மட்டும் தெரிந்தது.

“என்னத்துக்கு இப்படிச் செஞ்சீங்க?”

“கண்ணு மூக்கு வச்சிருந்தாங்க ஹாஜியார். நீங்க ஏசுவீங்கண்டு பயந்துட்டன்.”

“சின்னப் புள்ளயள்ட விளையாட்டுச் சாமானுக்கு நான் ஏன் ஏசப்போறன்? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.” எழுந்து சாரத்தைத் தட்டினார். “புள்ளயள் நல்லாப் பாத்துத்தான் படிச்சிருக்காங்க. மண்டபம் உங்களுக்கே இருக்கட்டும்.”

வேண்டியது கிடைத்தது. ஆனால் எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்தச் சிறுமி உருண்டையிலிருந்து சிவப்புத் துணியை இழுத்தெடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானமாவது செய்திருப்பேன்.

அடுத்த கிழமை புதிய களிமண் கொண்டுவந்து நடுவில் வைத்து, “இண்டைக்கு என்ன செய்வம்?” என்று கேட்டேன். முன்பென்றால் நான் நீ என்று கத்திச் சண்டை பிடிப்பார்கள். அன்று கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். என்ன செஞ்சா எடுக்கமாட்டீங்க?”