பிளக்கைப் புடுங்குங்க அக்கா

காலை பதினோரு மணி. சாலவாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உத்திரமேரூரிலிருந்து எம்பிராய்டரி அக்கா போன் செய்தார். ஜாக்கெட் கையில் மயிலும் மாங்காயும் கம்ப்யூட்டர் மெஷினில் தைத்துத் தருகிறவர். வீட்டில் மற்ற எல்லோரும் நாற்று நடப் போகிறவர்கள். ஆறு வருடமாக ஒவ்வொரு கோடாக அவரே வரைந்த டிசைன்கள் அவருடைய கம்ப்யூட்டரில், எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

"தம்பி, கரண்ட் போய் வந்துச்சு. டிசைன் வெச்ச டிரைவு தொறக்கல. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, எஸ் குடுத்துட்டேன். இப்ப தொறக்குது, உள்ள ஒண்ணியும் காணோம்."

கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்று ஊரையே நம்பவைத்தது எங்களைப் போன்ற மெக்கானிக்குகள்தான். கரண்ட் போனதில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான் குழம்பியிருக்கும். ஃபார்மேட் அடிக்காமல் இருந்திருந்தால் பொறுமையாக மீட்டிருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அடித்த பிறகும் தோண்டி எடுக்கலாம். எஸ்எஸ்டி அப்படியில்லை. காலி என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கரண்ட் இருக்கும்வரை உள்ளே மிச்சமிருக்கும் பழைய ஃபைல்களைத் தானாகவே துடைத்துக்கொண்டிருக்கும்.

"அக்கா, மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க."

"ஷட் டவுன் குடுத்துட்டுப் புடுங்கறேன்."

"ஷட் டவுன்லாம் வாணாம். அப்படியே புடுங்குங்க."

"நீதான தம்பி புடுங்கக் கூடாதுன்ன? போன மாசம் கஸ்டமருங்க முன்னாடி அந்தத் திட்டு திட்டின."

திட்டியிருந்தேன். அறிவிருக்கா என்றுகூடக் கேட்டிருந்தேன்.

"அது வேற, இது வேற. புடுங்குங்க அக்கா."

"ஷட் டவுன் குடுத்துட்டேனே. அப்டேட்டுன்னு சுத்திக்கினு கீது. ஆஃப் பண்ணாதன்னு அதுவே போட்டுக்கீது பாரு."

கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பாதியில் லைன் அறுந்தது. மறுபடி மறுபடி அடித்தேன், போகவில்லை. பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் என் மேலேயே எரிச்சல். புடுங்காதே என்று ஆயிரம் முறை சொன்னவன், இன்னொரு காப்பி எடுத்து வைக்க ஒருநாள்கூட உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. வெட்கமாக இருந்தது.

நான் போய் நின்றபோது திரையில் எண்பது சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பிளக்குக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், காவல் மாதிரி நின்றிருந்தார். நானே பிடுங்கினேன். எஸ்எஸ்டியைக் கழற்றி, எதுவும் புதிதாக எழுதாதபடி என் லேப்டாப்பில் மாட்டித் தேடவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை கல்யாணப் பொண்ணு ஜாக்கெட் குடுக்கணும் தம்பி," என்றார். தாமரை போட்ட ஒரு கை மட்டும் மெஷினில் முடிந்திருந்தது. இன்னொரு கைக்கான துணி அவர் மடியில் இருந்தது.

முக்கால் மணி நேரம் ஓடியது. டிசைன் இருந்த பகுதி முழுக்கப் பூஜ்யம், ஒரு ஃபைல்கூட இல்லை. வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அதிலும் பூஜ்யம்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, திட்டவே மாட்டேன்ற," என்றார். மடியிலிருந்த துணியை மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "அப்போ எல்லாம் பூடுச்சா?"