கதாசிரியருக்காக ஒரு சண்டை

வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்த புதிதில் வில்லாபுரத்தில் தனியாகக் குடியிருந்தேன். அலுவலகத்தில் வேலையைத் தாண்டி யாரும் பேச மாட்டார்கள். மாலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய், காமிக்ஸ் ரசிகர்களின் இணையக் குழுவில் ஆண் பெயரில் எழுதுவேன். அங்கே எல்லோருக்கும் நான் ‘மாப்ள’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிம்மக்கல்லில் ஒரு டீக்கடையில் சந்திக்கலாம் என்று குழுவில் முடிவானது. நானும் போனேன். மூன்று இளைஞர்கள் மேசையில் காமிக்ஸ்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். போய்ப் பேசத் தைரியம் வராமல் பக்கத்து மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் குழுவில் வந்த என் கருத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிய கதாசிரியர் சூப்பர்ஹீரோவைச் சிரிக்க வைத்தே கெடுத்துவிட்டார், ஊரைக் காப்பாற்றிவிட்டு ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிறவன் அப்படிச் சிரிக்க மாட்டான் என்று எழுதியிருந்தேன்.

“பாவம், இத எழுதுன ஆளு தனியா இருப்பான் போல” என்றார் கண்ணாடி போட்டவர்.

எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“அத எழுதுனது நான்தான்.”

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கக்கா. ஆனா நீங்க சொன்னது தப்பு. தனியா இருக்கவன்தான் வெளிய அம்புட்டுச் சிரிப்பான்.”

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஊரில் முதல்முறையாக ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்திருந்தார். வீடு திரும்பிய பிறகும், அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை யோசித்தபடியே எனக்கு மட்டும் சமைத்தேன்.