கனிசியஸின் முழங்கால் படம்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் சிரித்துவிட்டு எழும்பிப் போகிற ஆள்தான் நானும். ஆனால் இது என் கையால் கழுவிய படம்.

1991, ஆவணி. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் எக்ஸ்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடையால் பிலிமுக்குப் பெரும் பஞ்சம். அதனால் பிலிமின் பாதியை ஈயத் தகட்டால் மூடி நோக்காட்டுக் காலைப் படம் எடுப்பேன். பிறகு தகட்டை மாற்றி நல்ல காலை எடுப்பேன். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பிழை தெரியும். வெளிநாட்டில் தசை, சவ்வு எல்லாம் பிரித்துக் காட்டுகிற காந்த மெசின் வந்துவிட்டதாம். எங்களுக்கு எலும்பு, அதைச் சுற்றித் தசையின் மங்கல் நிழல். அவ்வளவுதான்.

குருநகர்க் கடற்றொழிலாளி கனிசியஸை அவன் அண்ணி சின்னத்தங்கம் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அண்ணனும் தம்பியும் போன படகு மூன்று நாளைக்கு முன் கவிழ்ந்ததாம். தம்பி நீந்தித் தப்பிவிட்டான். அவளுடைய புருஷன் அருட்பிரகாசம் திரும்பவில்லை. கனிசியஸின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது. காரணம் பிடிபடாவிட்டால் காலை வெட்டி எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"ஆரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு, சேர்" என்றான் கனிசியஸ்.

பகல் 2.10. ஜெனரேற்றர் உறுமியது. படம் எடுத்து, இருட்டறைக்குள் கழுவி, சிவப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

நல்ல கால் சுத்தம். மற்றதில் எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே... ஐந்து விரல்கள்.

வெளியே வந்தேன்.

"காலை ஆரும் பிடிச்சவையோ?"

"இல்லை சேர். நீங்கள்தானே எல்லாரையும் வெளியிலை விட்டனீங்கள்."

வேறு யாரோ ஒருவரின் கைக்குப் பாவித்த பிலிமிலேயே திரும்ப எடுத்துவிட்டேனாக்கும். கஞ்சத்தனத்தால் வருகிற பிழைதான். மனதைத் தேற்றிக்கொண்டு புதுப் பெட்டியை உடைத்தேன்.

2.35. மறுபடி இருட்டறை.

சொட்... சொட்...

விரல்கள் இப்போது முழங்காலுக்கு மேலே இருந்தன.

கிட்டப் பிடித்துப் பார்த்தேன். விரல்களுக்கு அடியில் கனிசியஸின் தசை பள்ளமாக அமுங்கியிருந்தது. பழைய படத்தின் நிழல் தசையை அமுக்காது.

மணிக்கட்டுவரை கை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை...

அறைக்குள் கடல் சேற்று மணம்.

கதவை உதைத்துக்கொண்டு ஓடினேன்.

டொக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். அடுத்த நாளே அந்தக் காலைத் தொடையோடு வெட்டி எடுத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் வாட்டு வாசலில் சின்னத்தங்கம் நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"அவரை அரியாலைக் கரையிலை கண்டெடுத்திட்டாங்கள், ஐயா. வலக்கை இல்லை. மணிக்கட்டோடை போட்டுது. படகு மிசின்ரை விசிறி வெட்டினதெண்டு கனிசியஸ் சொல்லுறான்."

வாட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மண்ணெண்ணெய் இல்லாமல் நாலு மாசமா அந்த மிசின் என்ரை அடுப்படியிலை கிடக்குது, ஐயா. அண்டைக்கும் ரெண்டு பேரும் துடுப்பு வலிச்சுக்கொண்டுதான் போனவை."